அரை மணிக்கு ஒரு இடைவேளை

"எல்லாம் அந்தக் கீபோர்டால வந்த வினை, டாக்டர். படிப்பை நிறுத்துன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார் கணவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

மனைவி வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்தாள். நான்கு மாதமாக வீட்டிலிருந்தே கோடிங் படிக்கிறாள். வருகிற திங்கள் கடைசித் தேர்வு. தேறினால் வேலை உறுதி. இந்த நேரம் பார்த்துக் கை ஒரு டம்ளரைக்கூடத் தூக்க மாட்டேன் என்கிறது.

"நிறுத்த மாட்டேன். கை போனாலும் சரி" என்றாள்.

"கேட்டீங்களா? இந்தப் பிடிவாதத்தோட நான் எப்படி மல்லுக்கட்டறது!"

டாக்டரம்மா மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். "ஸ்ஸ்... அங்கதான்" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் டைப் பண்றீங்க?"

"நாலு மணி நேரம்" என்றார் கணவர். கேள்வி யாருக்கு வந்தாலும் பதில் அவருடையதுதான். "ஆனா நான் சும்மா விடல. நாற்காலி உயரத்தை டேப் வெச்சு அளந்திருக்கேன். மணிக்கட்டுக்கு அடியில மெத்தை. மவுஸ்கூடப் புதுசு."

போனில் படமும் காட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நடுவுல ஓய்வு?"

கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அரை மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம்! நானும் வீட்டுலதானே வேலை பார்க்கறேன்? 'போதும், எந்திரி'ன்னு குரல் கொடுத்துடுவேன். ஒரு நாள் தவறினதில்ல. வேற யாரு டாக்டர் இப்படிப் பார்த்துக்குவாங்க?"

பாவம், மனுஷர் நிஜமாகவே அக்கறைக்காரர்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. ஏம்மா, எழுந்ததும் அந்தப் பத்து நிமிஷம் என்ன செய்வீங்க?"

அவள் யோசிக்கவே இல்லை. "முதல் தடவை துணி அலசிப் பிழிவேன். அடுத்து பாத்திரம் தேய்ப்பேன். அதுக்கடுத்து மாவு பிசைவேன். அப்புறம் தரை துடைக்க..."

"போதும்மா."

டாக்டர் சீட்டெழுதிக் கணவரிடம் நீட்டினார். அதில் இரண்டே வரி: 'கோடிங் தாராளமாகத் தொடரலாம். இடைவேளைகளை மட்டும் இனிமேல் கணவர் எடுத்துக்கொள்ளவும்.'