செங்கல் லாரிக்கு நட்டு

நட்டைச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்ததுமே கரீமுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவருடைய லாரியின் சக்கர நட்டு, சுண்டுவிரலின் முதல் கணுவோடு நின்றுவிடும். மச்சான் மெஹபூப் அலி மாதிரிக்குக் கொடுத்தனுப்பிய இதுவோ மோதிரம் போல அடிவரை இறங்கியது.

மெஹபூப் அலி, கரீமுல்லாவின் மனைவி ஹாஜிரா பீயின் அண்ணன். லாரி இருவருக்கும் பாதிப் பாதி. மச்சான் பேசி லோடு பிடிப்பார், கரீமுல்லா ஓட்டுவார். சைதாப்பேட்டைப் பாலத்துக்கு அப்பாலிருக்கும் சூளையிலிருந்து மாம்பலத்துக்குச் செங்கல். ஏரி கிடந்த இடமெல்லாம் வீடாகிக்கொண்டிருந்ததால் இரண்டு குடும்பமும் அந்த ஒரு லாரியை நம்பித்தான் உலை வைத்தது.

சக்கரம் மாற்ற வேண்டும், புதுச் சக்கரம் வாங்கியாகிவிட்டது, நட்டு மட்டும் நீங்கள் பார்த்து எடுங்கள் என்று காலையில் மச்சான் சொன்னபோது கரீமுல்லாவுக்கு மனசு குளிர்ந்துதான் போயிற்று. வண்டி மேல் இந்த மனுஷனுக்கும் அக்கறை வந்துவிட்டதே!

ராயப்பேட்டையில் பழைய மோட்டார் சாமான் விற்கும் வேலுவிடம் நட்டை நீட்டினார்.

"எங்க மச்சானுக்கு எல்லா நட்டும் ஒண்ணுதான் வேலு. இது எங்க போல்ட்டுல நிக்குமா?"

"இது உங்க லாரிக்கு இல்லியே பாய். அவரு தனியா ஒண்ணு வாங்கிக்கீறாரே, அதுக்கு. திங்கக்கெழமைலேந்து மாம்பலத்து லோடெல்லாம் அதுலதான்னு சொல்லிக்கினு இருந்தாரு. இன்னா பாய், உங்களுக்குத் தெரியாதா?"

கேட்ட பிறகுதான் வேலு நாக்கைக் கடித்துக்கொண்டார்.



கரீமுல்லாவின் பாதிப் பங்கு லாரியில்தான் இருந்தது. லோடு முழுக்க மச்சானுடைய வாயில் இருந்தது. திங்கட்கிழமை முதல் இவருடைய லாரி வீட்டு வாசலில் நிற்கும், ஆடு படுத்துக்கொள்ள நல்ல நிழல்.

படுபாவி. அவன் சோரம் போன வண்டிக்கு நட்டுப் பொறுக்கவும் என் கைதான் வேண்டுமா?

முகத்தில் ஒன்றும் காட்டாமல் நட்டுப் பெட்டிக்குள் கையை விட்டார்.

மாதிரி நட்டின் மூக்கு, அதாவது சக்கரத்தில் பதியும் முனை, சரிந்திருந்தது. அப்படியானால் அந்தச் சக்கரத்தின் துளை கிண்ணமாகக் குழிந்திருக்கும். சரிந்த மூக்குதான் அதில் போய் உட்காரும். அதே அளவில் தட்டை நட்டும் போல்ட்டில் ஏறும், முறுக்கினால் இறுகும். பாரம் ஏற்றி ஓட்டும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பாலத்து மேட்டிலேயே சக்கரம் கழன்றாலும் கழலும்.

கரீமுல்லா தட்டை நட்டுகளாகவே பொறுக்கினார்.

 

வேலு தொழில் தெரிந்தவர். பெட்டியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஓட்டப் போறது உங்க உமருதான் பாய்."

உமர் ஃபாரூக், கரீமுல்லாவைப் பாவா என்று கூப்பிடும் ஒரே மகன். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் கியர் போடவே கற்றுக்கொண்டான். நேற்று ராத்திரி ஒரே தட்டில் கை நனைத்தவன், இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மச்சான் அந்நியன், போகட்டும். இவனுமா?

"நட்டை மட்டும் எங்க பாவா எடுக்கட்டும், அப்புறம் எனக்கு பயமில்லேன்னு அவன்தான் சொன்னானாம்" என்றார் வேலு.

கரீமுல்லாவுக்குக் கண் கலங்கியது.

பிறகு தட்டை நட்டுகளைப் பெட்டியிலேயே கொட்டினார். சரிந்த மூக்குள்ளவையாக ஒவ்வொன்றாக எடுத்தார். வலப்பக்கச் சக்கரத்துக்கு வலம் திருகினால் இறுகும் மரை, இடப்பக்கத்துக்கு இடம் திருகினால் இறுகும் மரை. ஒவ்வொன்றையும் கடையில் கிடந்த பொருத்தமான போல்ட்டில் கையாலேயே கடைசிவரை திருகிப் பார்த்தார். மரையில் துளி பிசிறு தட்டியதையும் ஒதுக்கிவிட்டார்.

கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

பொட்டலத்தை வேலுவிடமே கொடுத்து மச்சான் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறங்கியவர் திரும்பி நின்றார்.

"புதுச் சக்கரம், ரெண்டு மூணு லோடுக்கு வழியெல்லாம் எறங்கி எறங்கி முறுக்கிப் பாக்கணும். பாவா எடுத்ததுன்னா நம்பிக்கினு எறங்க மாட்டான். நீ எடுத்தேன்னு சொல்லு."