தலைதட்டி ரெண்டு ஸ்பூன்

"நிஜத்தைச் சொல்லுடி பட்டு! அம்மா சொன்ன அளவுக்குத்தான் உப்பு போட்டியா?"

"ஆமாம்ப்பா. தலைதட்டி ரெண்டு ஸ்பூன்."

ஸ்ரீநிவாசராகவன் நம்பவில்லை. குழம்பு உப்புச் சப்பில்லாமல் இருந்தது.

அவர் வீட்டுக் குழம்பா இப்படி! பெருமாளுக்குக் காட்டுமுன் ருசி பார்த்தால் அது எச்சில். அதனால் மனைவி சுந்தரவல்லி சமைப்பதெல்லாம் வெறும் கை அளவுதான். ஆனாலும் உப்பு ஒரு கல் கூடாது, குறையாது. சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரும்வரை அவர் இந்தப் பெருமையைத்தான் அளப்பார்.

இப்போது சுந்தரவல்லி வீட்டு விலக்காகிக் கொல்லைப்புற அறையில் இருந்தாள். அடுக்களைக்குள் வரக் கூடாது. அவள் அங்கிருந்தே அளவு சொல்ல, பத்து வயது பட்டு சமைத்தாள்.

"எனக்குத் தெரியாதா உன் தந்திரம்? வேணும்னே குறைச்சுப் போட்டா நாளைக்கு அடுப்பு பக்கம் போக வேண்டாம், அதானே? பொய் சொல்ற பொண்ணு ஸ்கூலோட வண்டலூர் ஜூவுக்குப் போக வேண்டாம்!"

"சத்தியமா போட்டேன்ப்பா!" பட்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அவரே அடுக்களையில் காவல் நின்றார்.

"புளி எலுமிச்சங்காய் அளவு! பொடி மூணு ஸ்பூன்! உப்பு தலைதட்டி ரெண்டு!" கொல்லையிலிருந்து குரல் வந்தது.

பட்டு அளந்தாள். அவர் ஸ்பூனைப் பிடுங்கி, தன் விரலாலேயே தலைதட்டிப் பார்த்தார். குறையே இல்லை. குழம்பு கொதித்தது. பெருமாளுக்குக் காட்டியாயிற்று. இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

இன்றும் சப்பென்றுதான் இருந்தது!

சந்தேகம் இப்போது கடைக்காரன் மேல் தாவியது. "உப்புலயும் கலப்படமா? ஏண்டி சுந்தரவல்லி, அதே உப்பு, அதே ஸ்பூன், என் கண்ணெதிர அளந்தது. உன் கைக்கு வர்ற ருசி இதுல ஏன் வரல்லே?"

கொல்லைப்புற அறையின் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

பட்டு பயந்துபோய் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஜூ போய்விடுமே!

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. அம்மா சொன்னதெல்லாம் அப்படியே செஞ்சேன். கரண்டியில எடுத்து நாக்குல விட்டுப் பார்த்துட்டு இன்னும் கொஞ்சம் உப்பு போடுவாளே, அதை மட்டும் அம்மா சொல்லவே இல்லே!"