வயதுக்கேற்ற டயர்

மனிதகுலத்தைக் காக்கும் மாபெரும் திட்டம் கடைசியில் பீளமேட்டு டயர் கடைக்கும் வந்து சேர்ந்தது. இனி யாருக்கு எந்த டயர் என்பதை வயதைப் பார்த்து இயந்திரமே முடிவு செய்யும்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் வந்த திலகவதிக்கு ஐம்பத்து மூன்று. டயர்கள் இரண்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. வளைவில் நன்றாகப் பிடிக்கும் டயர் கேட்டாள்.

“வளைவுகளில் சாயும் வயதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். உங்களுக்கு ஸ்கூட்டர் டயர்தான்,” என்றது இயந்திரம்.

“இப்ப வால்பாறைக்குத்தான் போறேன். அங்க நாப்பது கொண்டை ஊசி வளைவு. எல்லாத்தையும் எனக்காக நேராக்கி வெப்பியா?”

கடைக்காரர் நசீர் தலையைச் சொறிந்தார். “அது ஒத்துக்காம நான் மாட்ட முடியாதுங்கக்கா.”

“அப்ப இருக்கற டயரே போதும்.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

‘ஓர் உயிர் காக்கப்பட்டது’ என்று இயந்திரம் பதிவு செய்துகொண்டது.

வால்பாறையில் அன்று மழை.