காலித் தட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. ஒரு காலித் தட்டின் கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு ரொம்பவும் சிரிக்க வேண்டாம்; உங்கள் வீட்டிலும் ஒரு தட்டு இருக்கிறது.

முயல் படம் போட்ட அந்தச் சின்னத் தட்டு, கழுவிக் கவிழ்த்தது போலப் பளிச்சென்று இருந்தது. ஒரு பருக்கை இல்லை. பாப்பாவின் அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, செல்போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் கண் பரிசோதிப்பவள். உடனே பதில் வந்தது. "என் ராசாத்தி! முழுசும் சாப்பிட்டாளா?"

"தட்டைப் பாரு, அதுவே சொல்லும்" என்று எழுதிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து, வீட்டிலேயே உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிற இவர்தான் பாப்பாவுக்கு ஊட்டுகிறார். அடுக்குமாடிப் பெற்றோர் குழுவில் இப்போது இவர்தான் நிபுணர். "வற்புறுத்தாதீங்க. முதல்ல நாம ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டணும். ஆ காட்டுறது எப்படின்னு நம்மளைப் பார்த்துத்தான் குழந்தை கத்துக்கும்" என்று எழுதுவார். கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டும்.

கைதட்டாதவர் மனைவியின் அக்கா ஒருவர்தான். "படத்துல தட்டு இருக்கு மாப்பிள்ளை, புள்ளை எங்க?" என்று கேட்டவர் அவர். பாப்பாவின் எடை ஏறவில்லை என்றால், தானே பெட்டியோடு வந்து தங்கிப் பொறுப்பை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் தங்குவதற்கு வீட்டில் இருந்தது ஒரே அறை. அதில்தான் இவருடைய வரைபட மேசை இருந்தது. மனைவியும் அக்காவுக்குத் தலையாட்டிவிட்டாள்.

எடை பார்க்க வேண்டிய நாள் அன்றைக்குத்தான்.

டாக்டரின் அறைக்கு அக்கா பெட்டியோடே வந்திருந்தார். கடையிலிருந்து நேரே வந்த மனைவி, கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க இது, பட்டனைப் போடாம வந்திருக்கீங்க?"

"உன் வாஷிங் மெஷினைக் கேளு. எல்லாச் சட்டையையும் சுருக்கி வெச்சிருக்கு. பேன்ட்டைக்கூட விடல."

அக்கா பாப்பாவை வாங்கி, இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். "பஞ்சு மாதிரி இருக்காளே!"

"பார்க்கத்தான் அப்படி இருக்கும் அக்கா. எல்லாம் எலும்புல இறங்கியிருக்கு" என்றார் நிபுணர்.

நர்ஸ் எடை மெஷினைத் தட்டிக் காட்டியதுதான் தாமதம், பாப்பா அலறிக்கொண்டு அப்பாவின் கழுத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டாள். ஒரு காலை இறக்கினால் மறு காலைச் சுற்றினாள். போன தடவை குழந்தைத் தராசில் சமர்த்தாகப் படுத்திருந்தவளா இவள் என்று நர்ஸ் அசந்துபோனாள்.

"சரி, நீங்களே தூக்கிட்டு ஏறுங்க சார். உங்க எடையைக் கழிச்சுக்கலாம். எவ்வளவு?"

"எழுபது" என்றார் பெருமையாக. "கல்யாணத்தன்னைக்கும் எழுபது, இன்னைக்கும் எழுபது."

மெஷின் எண்பத்து நான்கு காட்டியது. நர்ஸ் மனதுக்குள் கழித்துவிட்டு நிமிர்ந்தாள். "பாப்பா பதினாலு கிலோ. போன தடவை பதினொண்ணு. மூணு கிலோ ஏறியிருக்கு டாக்டர்!"

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!" என்று கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் பொறுமைதான்" என்று அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார். குழுவில் போடப்போகும் அடுத்த அறிவுரையின் முதல் வரி அப்போதே அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். இவருக்கு அந்தப் பெட்டியின் சக்கரச் சத்தம் நாதஸ்வரம் போலக் கேட்டது.

"நல்லா சாப்பிடுற பொண்ணுக்கு என்னோட பரிசு" என்று டாக்டர் டப்பாவைத் திறந்து, இன்னும் அப்பா இடுப்பிலேயே இருந்த பாப்பாவிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினார்.

பாப்பா அழுகையை நிறுத்தினாள். பிஸ்கட்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்ற கையால் அப்பாவின் கன்னத்தை அழுத்திப் பிடித்தாள்.

"அப்பா... ஆ!"

அவர் வாய் தானாகத் திறந்தது. பிஸ்கட் உள்ளே போய்விட்டது. பாதி மென்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்கு நினைவு வந்தது.

பாப்பா தன் கவுன் நுனியால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். "சமத்து!" என்று கைதட்டினாள். "இன்னோஓரு வாய்?"

 ஊருக்கெல்லாம் கண் பரிசோதிப்பவள், கணவனின் சட்டைப் பட்டன்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

வாசலில் சக்கரச் சத்தம் நின்றது. அக்கா திரும்பி வந்து, பெட்டியைச் சுவரோரமாக வசதியாக நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"புள்ளையை என்கிட்ட குடுத்துட்டு, நீங்க மட்டும் ஒரு தடவை ஏறுங்க மாப்பிள்ளை."

உங்கள் வீட்டுத் தட்டுகளும் தினம் காலியாகட்டும், செல்லங்களா. சோறு போய்ச் சேர வேண்டிய வயிற்றுக்கே போய்ச் சேரட்டும்.