மூணாவது விசில்

ஞாயிறு பூசை முடிந்து வீடு வந்ததும் ஜெபஸ்டினுக்கு ஃபோனில் யாரோடாவது வாதாடியாக வேண்டும். பேசும்போது சுற்றியிருக்கும் சத்தத்தை ஃபோனே வடிகட்டும் புது வசதி பற்றித்தான் இன்றைக்கு. எதிர்முனைக்குப் பொட்டுச் சத்தம் போகாது என்பது இவன் கட்சி. அதெல்லாம் கம்பெனிக்காரன் புளுகு என்றான் நாமகிரிப்பேட்டை அறிவு. இவனுடைய வாட்ஸ்அப் குழுவுக்குப் புதியவன், நேரில் பார்த்ததில்லை.

"இப்பக்கூட உங்கூட்டு குக்கர் விசில் கேக்குதுங்ணா."

ஜெபஸ்டினுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தவக்காலத்தில் மனைவி அக்சிலியாவை அடக்கம் செய்ததிலிருந்து மெஸ் சாப்பாடுதான். மூணாவது விசிலுக்கு நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போவாள். இவன் வாதாடியே பருப்பைத் தீய்த்துவிடுவான்.

"குக்கரைக் கவுத்து வெச்சிருக்குது, தம்பி."

"மூணாவதும் வந்துருச்சுங்ணா."

ஜெபஸ்டின் எழுந்து போனான். எரியாத அடுப்பின் திருகை ஒருமுறை திறந்து மூடினான்.

"நின்னுருச்சுங்க. யாரோ சிரிக்கறாங்க, அக்காங்களா?"

"ஆமா."

வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லாத ஜெபஸ்டின், ஃபோனை அடுப்பு மேடையில் பதனமாக வைத்தான்.

"நீ சொன்னதுதான் சரி, தம்பி. ஃபோனை மட்டும் வெச்சிராத."