ஒல்லாந்தர் வெட்டிய குழி

"மெல்ல வாங்கோ அக்கா, விளிம்பில நிக்காதேங்கோ. முந்நூறு வருசத்துச் சுரங்கம்!"

கோகுலன் கைகளை விரித்து மறித்தான். கனடாவிலிருந்து வந்திருந்த இரஞ்சிதம் இரண்டடி பின்வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியைக் கும்பிட்டாள். நல்ல சகுனம் என்று அவனுக்குப் பட்டது.

அவளுக்கு இடம் பிடித்துவிட்டால் அவளுடைய சுற்றுலா வான்கள் கிழமைக்குக் கிழமை இங்கே நிற்கும். அவன் மனைவி பிரியந்தினியின் தேத்தண்ணிக் கடை தப்பும். இல்லாவிட்டால் மாதமுடிவில் கடைக்குப் பூட்டுத்தான்.

"ஈயமும் வெள்ளியும் ஒண்டாய்க் கிடந்த இடம், அக்கா. ஒல்லாந்தர் வெட்டினது. வெள்ளியைக் கப்பலில ஏத்தினவை, ஈயத்தைத் துவக்குக் குண்டுக்கு உருக்கினவை."

"ஆர் சொன்னது?"

"சொல்ல ஆர் இருக்கினம்? முந்தி இது பெருங்காடு, ஒருத்தரும் உள்ளுக்கை போறேல்லை. இடம்பெயர்ந்து, முகாமில கிடந்து, திரும்பி வந்து பாத்தா இவ்வளவு பெரிய குழி! நான்தான் இறங்கிப் பாத்து, யோசிச்சு, சரித்திரத்தைக் கண்டுபிடிச்சனான்."

சட்டைப்பையிலிருந்து மினுங்கும் கல்லொன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அப்போதுதான் வான் சாரதி நல்லதம்பி இறங்கி வந்தார். பிரதான வீதியிலிருந்து ஒருவரிடமும் வழி கேட்காமல், ஒழுங்கை ஒழுங்கையாகத் திருப்பி வானைக் கொண்டுவந்து சேர்த்த மனிதர். விளிம்பில் பயமில்லாமல் நின்று பல்லுக் குத்தத் தொடங்கினார்.

கோகுலனுக்கு உசார் ஏறியது. நிலத்துக்குள் ஏழு பாதைகள் என்றான். யானை இழுத்த வண்டிகள் என்றான். வெள்ளிக்கட்டியை விழுங்கிவிட்டு ஓடிய ஒல்லாந்தக் கப்டன் என்றான். கடை வாசலில் பிரியந்தினி தலையிலடித்துக்கொள்வது தெரிந்தும் அவன் நிறுத்தவில்லை.

"அப்ப எவ்வளவு வெள்ளி போயிருக்கும், தம்பி?"

"இந்தக் குழியளவு, அக்கா! அது மட்டும் இப்ப இருந்திருந்தா எங்கட வட்டக்கச்சி ஊர்தான் டுபாய்!"

நல்லதம்பியின் வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது. அவர் அப்படியே குந்திவிட்டார்.

இரஞ்சிதம் அதைக் கவனிக்கவில்லை. "சரி, வாற கிழமை ரெண்டு வான் அனுப்புறன். வடை சுட்டு வைக்கச் சொல்லுங்கோ."

கோகுலன் கடைப் பக்கம் திரும்பி இரண்டு விரலை உயர்த்தினான். பிரியந்தினி கையிலிருந்த அகப்பையோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்ன அண்ணை, வெயில் தலைக்கு ஏறிட்டுதோ?" என்று இரஞ்சிதம் சாரதியை எழுப்பப் போனாள்.

நல்லதம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கோகுலனை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, நீங்கள் முகாமில கிடக்கேக்கை, றோட்டுக்குப் போடக் கிறவல் மண் அள்ளவெண்டு பெக்கோ மிசினால இந்தக் குழியைக் கிண்டினது நான்தான். ஐயோ, அவ்வளவு வெள்ளியையுமோ றோட்டில கொட்டினனான்?"