முதுகுக்குப் பின்னால்

நடுத்தெருவில் ஹோவிட்டா நின்றுவிட்டாள்.

அவள் நின்றதும் தூபக் கலசம் ஏந்திய மற்றப் பெண்களும் நின்றார்கள். அவர்களுக்கு எதிரே ஆண்களின் தோளில் வந்துகொண்டிருந்த ஆண்டவரின் சப்பரமும் நின்றது. லிமா நகரத்துப் பக்தர்களின் ஊதா அங்கிகளுக்கு மேலே புகை மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆண்டவருக்கு முதுகு காட்டக் கூடாது. தூபப் பெண்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கியே நடக்க வேண்டும், கோயில் வந்து சேரும்வரை.

ஹோவிட்டாவுக்கோ முதுகுக்குப் பின்னால் எப்போதும் யாரோ இருக்கிறார்கள். அதற்காகத்தான் மனநல ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தாள். வந்ததும் கலசம் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

தூபப் பெண்களின் வயதான தலைவி சொய்லா யோசித்துத்தான் கொடுத்தாள். ஒரு தரம் திரும்பினாலும் கலசம் போய்விடும், அப்புறம் எந்த வருஷமும் கிடையாது என்று சொல்லியிருந்தாள்.

தங்கை நெல்லி, அக்காவின் முதுகில் கை வைத்தபடி பின்னால் இருந்தாள். அவளும் பின்னோக்கித்தான்.

"என் பின்னாடி யாரோ இருக்காங்கடி."

ஹோவிட்டாவின் கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது.

யாருமில்லை என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நெல்லியும் அதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள்.

"ஆமாக்கா, இருக்காங்க. நான் இருக்கேன்."

கழுத்து நின்றது.

"அப்போ உனக்குப் பின்னாடி?"

நெல்லிக்குப் பின்னால் வெறும் தெருதான்.

வரிசையின் ஓரத்திலிருந்து சொய்லா விறுவிறுவென்று வந்தாள்.

"அங்க தோள் ஒடிய நிக்கிறானுங்க, இங்க அக்கா தங்கச்சி பஞ்சாயத்தா?"

கலசம் போயிற்று என்று நெல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

சொய்லா கலசத்தைத் தொடவில்லை. அவர்களைத் தாண்டிப் போனாள். நெல்லியின் முதுகில் ஒரு கை வந்து பதிந்தது.

"அவளுக்குப் பின்னாடி நான். எனக்குப் பின்னாடி யாருன்னு கேட்டே, பல்லைத் தட்டிடுவேன். நட, ஹோவிட்டா."

ஹோவிட்டா சிரித்துவிட்டாள். கால் பின்னால் போயிற்று. சப்பரம் அசைந்தது.

நெல்லியின் முதுகில் அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

வயதின் நடுக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தினமும் காலையில் அக்காவின் நடுங்கும் விரல்களைச் சேர்த்துக் காப்பிக் கோப்பையைப் பிடிக்கவைக்கிறவள் அவள். மாத்திரை தரும் நடுக்கம் அவளுக்குத் தெரியாதா?

நெல்லி திரும்பிப் பார்க்காமல் அடுத்த அடியைப் பின்னால் வைத்தாள்.